அடுப்பில் பிறக்கும் 22 லிட்டர் தண்ணீர்!

குட்டீஸ்! உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அம்மா கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போது சமையலறைப் பக்கம் போய் நில்லுங்கள். ஒரு எவர்சில்வர் பாத்திரம் நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். அந்த முதல் அரை நிமிடம்தான் முக்கியம். கொஞ்சம் எட்டி நின்றே பாருங்கள். துடைத்து வைத்த பாத்திரத்தின் வெளிப்புறம் ஆவி படிந்தது போல மங்கும். அப்புறம் வியர்த்தது போல முத்து முத்தாக ஈரம். சில சமயம் ஒரு துளி உருண்டு கீழே விழுந்து 'ஸ்ஸ்ஸ்...' என்று சத்தம் போடும். பாத்திரம் சூடேறியதும் எல்லாம் மாயமாய் மறைந்துவிடும்.

எங்கள் பாட்டி இதைப் பார்க்கும்போதெல்லாம், "பாத்திரத்துல ஓட்டை விழுந்துடுச்சு போல, அடைக்கக் குடுக்கணும்" என்பார். நானும் சின்ன வயதில் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைத் தேடியிருக்கிறேன். ஓட்டையே இருக்காது!

"ஐஸ் வாட்டர் பாட்டில்கூட வெளியில் வியர்க்குமே, அதுதானே இது?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதனால்தான் ஃபிரிஜ் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும் என்றேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் அதே பாத்திரத்தை மேடை மேல் வைத்துப் பாருங்கள். வியர்க்காது. தீ வந்தால்தான் வியர்வை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? தீயிலிருந்து! ஆமாம், தண்ணீர் ஊற்றினால் அணைகிறதே, அதே தீயிலிருந்துதான்.

எவ்வளவு தண்ணீர் என்றுகூடச் சொல்லிவிடலாம். அதற்கு, உங்களில் பலருக்குப் பிடிக்காத ஒரு பாடம் தெரிந்திருக்க வேண்டும். அதுதான், 'வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்க'. இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் அது பிடிக்காமல்தான் இருந்தது.

நான் செய்த தப்பு

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் சார் கரும்பலகையில் எழுதினார்: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். 'இதைச் சமன் செய்' என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தார். ஹைட்ரஜன் மூலக்கூறில் 2 அணுக்கள். ஆக்சிஜன் மூலக்கூறிலும் 2 அணுக்கள். தண்ணீர் மூலக்கூறில் 2 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அதாவது இந்தப் பக்கம் இரண்டு ஆக்சிஜன், அந்தப் பக்கம் ஒன்றுதான். 'இவ்வளவுதானே!' என்று தண்ணீரில் இருந்த ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக ஒரு 2 போட்டுவிட்டு, பெருமையாக வகுப்பைப் பார்த்தேன்.

சார் சிரித்தார். "தம்பி, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டா, புண் கழுவுற மருந்தைக் குடுக்கிறியே!" என்றார். வகுப்பே சிரித்தது. நான் எழுதியது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அது. அதைக் குடித்தால் வயிறு வெந்துவிடும்.

ஒரே ஒரு சின்ன எண்ணை மாற்றினேன், பொருளே மாறிவிட்டது. சமன் செய்வதில் முக்கால்வாசிப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூலக்கூறுக்கு உள்ளே, எழுத்தின் காலடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடக்கூடாது. அது அந்தப் பொருளின் அடையாளம். நீங்கள் மாற்றக்கூடியது, மூலக்கூறுக்கு முன்னால் நிற்கும் பெரிய எண்ணை மட்டுமே. அது, 'இந்த மூலக்கூறு எத்தனை?' என்று மட்டும் சொல்லும்.

கடலையைத் தின்றுவிடாதீர்கள்!

சமன்பாட்டை நோட்டில் போட்டுப் பழகுவதைவிடக் கையால் செய்து பழகுவது சுலபம் என்பது என் கட்சி. சமையலறைக்குப் போய் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கைப்பிடி ஜவ்வரிசி, கொஞ்சம் தோல் நீக்காத கறுப்பு உளுந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உளுந்துதான் கார்பன். ஜவ்வரிசி, ஹைட்ரஜன். வேர்க்கடலை, ஆக்சிஜன். (சிவப்பாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள். அது கொடிய விஷம்.) பழைய காலண்டர் தாளை வட்ட வட்டமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டம் என்றால் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் ஒரு மூலக்கூறு.

தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடது பக்கம் வினைக்குப் போகும் பொருட்கள். வலது பக்கம் வினை முடிந்து வரும் பொருட்கள். விதி இரண்டே இரண்டு. தட்டுகளை எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம். ஆனால், தட்டுக்கு உள்ளே இருப்பதை மாற்றக்கூடாது. கடைசியில் இரண்டு பக்கமும் உளுந்துக்கு உளுந்து, ஜவ்வரிசிக்கு ஜவ்வரிசி, கடலைக்குக் கடலை சரியாக இருக்க வேண்டும்.

முதலில் நான் தோற்றுப்போன அந்தத் தண்ணீர். இடது பக்கம் 2 ஜவ்வரிசி உள்ள ஒரு தட்டு, 2 கடலை உள்ள ஒரு தட்டு. வலது பக்கம் 2 ஜவ்வரிசியும் 1 கடலையும் உள்ள தண்ணீர்த் தட்டு. வலது பக்கம் ஒரு கடலை குறைகிறது. தனியாக ஒரு கடலையைப் போட அனுமதி இல்லை. அதனால் இன்னொரு தண்ணீர்த் தட்டையே வையுங்கள். கடலை சரியாகிவிட்டது. ஆனால், இப்போது வலது பக்கம் 4 ஜவ்வரிசி இருக்கிறதே! இடது பக்கம் இன்னொரு ஹைட்ரஜன் தட்டு வையுங்கள். முடிந்தது.

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 தண்ணீர்

நடுவில் ஆசைப்பட்டு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டால் கணக்கு உதைக்கும். வேதி வினையில் அப்படி யாரும் எதையும் தின்றுவிட முடியாது. அணுக்கள் கை மாறும், ஜோடி மாறும். காணாமல் போகாது, புதிதாக முளைக்கவும் செய்யாது.

கேஸ் அடுப்புக்கு வருவோம்

நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது முக்கியமாக இரண்டு வாயுக்களின் கலவை. ஒன்று புரோப்பேன், இன்னொன்று பியூட்டேன். அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். புரோப்பேன் தட்டில் 3 உளுந்து, 8 ஜவ்வரிசி. பியூட்டேன் தட்டில் 4 உளுந்து, 10 ஜவ்வரிசி. இவை காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். கார்பன் டை ஆக்சைடு தட்டில் 1 உளுந்து, 2 கடலை.

புரோப்பேனை முதலில் எடுங்கள். அது சாது. 3 உளுந்து இருக்கிறது, அதனால் வலது பக்கம் 3 கார்பன் டை ஆக்சைடு. 8 ஜவ்வரிசி இருக்கிறது, அதனால் 4 தண்ணீர். இப்போது வலது பக்கக் கடலைகளை எண்ணுங்கள். கார்பன் டை ஆக்சைடில் 6, தண்ணீரில் 4. மொத்தம் 10. ஆக்சிஜன் தட்டு ஒன்றில் 2 கடலை என்பதால், இடது பக்கம் 5 தட்டு. அவ்வளவுதான்!

1 புரோப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 தண்ணீர்

ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டதைக் கவனித்தீர்களா? அது தன் தட்டில் தனியாக இருக்கிறது. அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தனி ஆளைக் கடைசியில் கவனியுங்கள். பரீட்சையில் பாதி நேரம் மிச்சமாகும்.

பியூட்டேன் கொஞ்சம் குறும்புக்காரன். அதே மாதிரி செய்து பாருங்கள். 4 கார்பன் டை ஆக்சைடு, 5 தண்ணீர். கடலைகள் 8 + 5 = 13. அடடா! 13 ஒற்றைப்படை எண். ஆக்சிஜன் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஆறரைத் தட்டு வைக்க முடியுமா? ஒரு தட்டைக் கிழித்தால் அது ஆக்சிஜன் மூலக்கூறே இல்லை. பலர் இங்கேதான் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்கள். தாவ வேண்டாம். எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிவிடுங்கள்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 தண்ணீர்

எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 8 உளுந்து, 20 ஜவ்வரிசி, 26 கடலை.

தராசில் ஏற்றலாமா?

இப்போது அந்தத் தண்ணீர்க் கணக்கு. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால் கார்பன் 12, ஆக்சிஜன் 16. 8 உளுந்து என்பது 96. 20 ஜவ்வரிசி என்பது 20. ஆக 2 பியூட்டேன் 116. 26 கடலை, அதாவது ஆக்சிஜன் 416. வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடு 352, தண்ணீர் 180. இடது பக்கம் 116 + 416 = 532. வலது பக்கம் 352 + 180 = 532. பார்த்தீர்களா, எண்ணிக்கை சரியாக இருந்தால் எடை தானாகவே சரியாகிவிடுகிறது!

அதாவது 116 கிராம் பியூட்டேன் எரிந்தால் 180 கிராம் தண்ணீர் வரும். வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸ் 14.2 கிலோ. (சிலிண்டர் மேல் காலி எடையும் எழுதியிருப்பார்கள், அதைத் தனியாகக் கழித்துவிட வேண்டும்.) கணக்குப் போட்டால், ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் உங்கள் சமையலறைக் காற்றில் சுமார் 22 கிலோ தண்ணீர் கலந்திருக்கும். 22 லிட்டர்! பெரிய குடத்தில் பிடித்தாலும் ஒரு குடம் போதாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக ஜன்னல் வழியே போய்விடுகிறது. குளிர்ந்த பாத்திரத்தில் பட்ட கொஞ்சம் மட்டும் வியர்வையாக மாட்டிக்கொள்கிறது. சிலிண்டரில் புரோப்பேனும் இருப்பதால் விடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பெரிய வித்தியாசம் வராது. புரோப்பேனுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் 22 கிலோ என்றால், கார்பன் டை ஆக்சைடு 43 கிலோ. 14.2 கிலோ கேஸிலிருந்து 65 கிலோ சரக்கா? மீதி எடை எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து. ஒரு சிலிண்டர் முழுவதும் எரிய 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அதனால் பத்தடிக்குப் பத்தடி அறைகள் ஆறேழு நிறைய இருக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் அத்தனையும் தேவை. சிலிண்டருக்குப் பணம் கொடுக்கிறோம். காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால்தான் அது நம் கணக்கில் விட்டுப்போகிறது.

விட்டுப்போன அந்தக் கணக்கைப் பிடித்தவர், பிரான்ஸ் நாட்டின் அந்துவான் லவாய்சியர். அரசுக்காக வரி வசூலிக்கும் குத்தகைக்காரர்களில் ஒருவர். வரவு செலவு பார்த்துப் பழகிய மனிதர் வேதியியலிலும் அதையே செய்தார். மூடிய கண்ணாடிக் கலத்தில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாட்கள் சூடாக்கினார். மேலே சிவப்பாக ஒரு பொடி படிந்தது. உள்ளே இருந்த காற்று குறைந்தது. அந்தப் பொடியைத் தனியே எடுத்து இன்னும் பலமாகச் சூடாக்கினார். மறுபடி பாதரசமும், குறைந்த அதே அளவு வாயுவும் வெளியே வந்தன. அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவரும் அவரே. (பாதரச ஆவி நஞ்சு. இதை நாம் செய்து பார்க்கவே கூடாது.) வினைக்கு முன் எவ்வளவோ, வினைக்குப் பின்னும் அவ்வளவே என்று 1789-ல் தன் புத்தகத்தில் எழுதினார். அதற்குப் படங்கள் வரைந்தவர் அவர் மனைவி மாரி ஆன். ஐந்தே ஆண்டுகளில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, வரிக் குத்தகைக்காரர் என்பதற்காகவே 1794 மே 8 அன்று லவாய்சியரின் தலையை வெட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 50.

13, 9, 5

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், குட்டீஸ். முடிந்தால் அப்பா, அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள்.

2 பியூட்டேனுக்கு 13 ஆக்சிஜன் வேண்டும் என்று பார்த்தோம். 13 கிடைக்காவிட்டால்? எரியாமல் போகுமா? எரியும். ஆனால், வேறு சமன்பாட்டின்படி எரியும். உங்கள் தட்டுகளில் நான்கு ஆக்சிஜன் தட்டுகளை எடுத்துவிட்டு, 9 மட்டும் வைத்துக்கொண்டு முயற்சி செய்யுங்கள். ஜவ்வரிசி முழுவதும் தண்ணீராகப் போய்விட்டால், அதற்கு 10 கடலை. மீதி 8 கடலை. உளுந்தும் 8. ஒவ்வொரு உளுந்துக்கும் ஒரே ஒரு கடலைதான்!

2 பியூட்டேன் + 9 ஆக்சிஜன் → 8 கார்பன் மோனாக்சைடு + 10 தண்ணீர்

இன்னும் நான்கு தட்டுகளை எடுத்துவிடுங்கள். 5 ஆக்சிஜன்தான். கடலை பத்தும் தண்ணீருக்கே போய்விடும். உளுந்துக்கு ஒன்றுமே மிஞ்சாது. 8 கார்பனும் தனித் தனியாக நிற்கும். அதுதான் கரி. பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே கறுப்பு!

மூன்று சமன்பாடுகளுமே சமன் ஆனவைதான். பரீட்சையில் மூன்றுக்கும் மார்க் உண்டு. ஆனால், உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. நிஜ அடுப்பில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தே நடக்கலாம். பர்னர் சுத்தமாக இருந்து காற்று தாராளமாகக் கிடைத்தால், தீ நீலமாக எரியும். மஞ்சளாக நாக்கை நீட்டி எரிந்தால், எரியாத கரித்துகள்கள் சூட்டில் ஜொலிக்கின்றன என்று அர்த்தம். (ரசம் பொங்கி வழிந்தாலும் தீ சட்டென்று மஞ்சளாகும். அது உப்பில் உள்ள சோடியத்தின் வேலை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.) எப்போதும் மஞ்சளாகவே எரிந்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பெரியவர்கள் செய்யட்டும்.

கரியாவது கண்ணுக்குத் தெரிகிறது, திட்டிக்கொண்டே தேய்க்கலாம். நடுவில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுதான் ஆபத்தானது. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. கேஸ் கசிந்தால் ஒரு நாற்றம் வருமே என்பீர்கள். அது நம்மை எச்சரிப்பதற்காகவே கலக்கும் வேறொரு பொருளின் நாற்றம். கேஸ் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகும் ஹீமோகுளோபின் என்ன செய்யும் தெரியுமா? ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஆசையோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. மூச்சு விட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது.

குளியலறையில் கேஸ் கெய்சர் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. குளிருக்கு ஜன்னலையும் கதவையும் இறுக்க மூடிவிட்டுக் குளிக்கிறோம். அறை சின்னது. கெய்சர் உள்ளே எரிய எரிய ஆக்சிஜன் குறையும். கணக்கு 13-லிருந்து 9-ஐ நோக்கி இறங்கும். தலை வலிக்கும், சுற்றும், குமட்டும். 'வெந்நீர் ரொம்ப சூடு போல' என்று நினைப்பார்கள். அப்புறம் தாழ்ப்பாளைத் திறக்கக்கூடக் கையில் தெம்பு இருக்காது. குளிக்கப் போனவர்கள் இப்படி இறந்துபோன செய்தி நம் நாட்டில் பல முறை வந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில், அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்களையும் கொன்றது இதே வாயுதான்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கேஸ் கெய்சர் இருந்தால், அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்தால், "மாமா, இதை வெளியே மாத்தி வையுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். மாற்றும்வரை வாளியில் வெந்நீரைப் பிடித்து, கெய்சரை அணைத்து, கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, காற்று மாறிய பிறகு குளிக்கலாம். குளித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லையா? உடனே கத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கதவைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

சரி, கடலை இன்னும் மிச்சம் இருக்கிறதா? தின்பதற்கு முன் மூன்று புதிர்கள்.

முதல் புதிர், சாண எரிவாயு. அதில் எரிவது மீத்தேன்: 1 உளுந்து, 4 ஜவ்வரிசி. ஆக்சிஜனோடு எரிந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் தருகிறது. எத்தனை எத்தனை தட்டுகள்?

இரண்டாவது, துரு. இரும்புக்கு ஒரு புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு தட்டுக்கு ஒரு கொட்டைதான். அது ஆக்சிஜனோடு சேர்ந்து தரும் இரும்பு ஆக்சைடு தட்டில் 2 புளியங்கொட்டை, 3 கடலை. (ஈரமும் சேர்வதால் உண்மைத் துரு இன்னும் கொஞ்சம் சிக்கலானது, நமக்கு இது போதும்.) இதிலும் பியூட்டேனின் குறும்பு உண்டு, ஜாக்கிரதை.

மூன்றாவது, இலைகளின் சமையல். கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வெயிலில் சேர்ந்து குளுக்கோஸும் ஆக்சிஜனும் ஆகின்றன. குளுக்கோஸ் தட்டில் 6 உளுந்து, 12 ஜவ்வரிசி, 6 கடலை. இதற்கு 36 கடலைகள் தேவை. பாதியைத் தின்றுவிட்டவர்கள் அம்மாவிடம் இன்னொரு கைப்பிடி கேட்டுக்கொள்ளவும்!

விடைகள் (போட்டு முடித்தவர்கள் மட்டும் பார்க்கவும்):
1. ஒரு மீத்தேன், 2 ஆக்சிஜன். 1 கார்பன் டை ஆக்சைடு, 2 தண்ணீர்.
2. நான்கு இரும்பு, 3 ஆக்சிஜன். 2 இரும்பு ஆக்சைடு.
3. ஆறு கார்பன் டை ஆக்சைடு, 6 தண்ணீர்; 1 குளுக்கோஸ், 6 ஆக்சிஜன்.